முடிவு முதலில் வந்தது

சென்ற ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்காகக் காரைக்காலுக்குப் போயிருந்தேன். பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளின் கதையை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீதியில் பக்தர்கள் வீசிய கனிகளில் ஒன்று எனக்கும் கிடைத்தது. ஆனால் இப்போது எழுத வந்தது மாங்கனியைப் பற்றி அல்ல. ஒரு வரிசையைப் பற்றி.

நான் தங்கியிருந்தது பழைய நண்பர் ஒருவருடைய வீட்டில். அவர் மனைவிக்கு அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாவும் மனப்பாடம். சமீப காலமாக அந்த அம்மாளுக்கு ஞாபகம் தளர்ந்து வருகிறது. காலையில் சாப்பிட்டது மாலையில் மறந்துபோகிறது. அந்தாதி மட்டும் தங்கியிருக்கிறது. அதுவும், ஒரு வெண்பா முடிந்தால்தான் அடுத்தது நினைவுக்கு வரும். நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால் திகைத்துப் போவார்.

குரல் நன்றாக இருந்த நாளில் அவர் ஓதியதைப் பேரன் வெண்பாவுக்கு ஒன்றாக, 101 ஃபைல்களாகப் பதிவு செய்து வைத்திருந்தான். திருவிழாவன்று அவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவில் நகல் எடுத்துக் கூடத்திலிருந்த பாட்டுப் பெட்டியில் செருகினான். எடுத்த எடுப்பில் ஒலித்தது கடைசி வெண்பா! அம்மையார் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்டு முடிக்கிற பாட்டு.

அம்மாளின் முகம் வாடிவிட்டது. "முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

பையன் பதறிப்போனான். "என் கை செய்த வேலை, தாத்தா!" என்றான் என்னிடம். பிறகு விளக்கினான்.

திரையில் 1, 2, 3 என்று ஒழுங்காகத்தான் நின்றன. முதல் ஃபைலைத் தொட்டு, ஷிப்ட் விசையை அழுத்தியபடி கடைசி ஃபைலையும் தொட்டு, மொத்தமாகப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்படி இழுக்கும்போது, கை எந்த ஃபைலைப் பற்றியிருக்கிறதோ அது வரிசையின் தலைக்குப் போய்விடுவது உண்டு. அவன் பற்றியது 101. பென் டிரைவில் இருந்ததோ 1977-இல் தோன்றிய 'ஃபேட்' என்னும் அடுக்குமுறை. காலியான டிரைவில் முதலில் எழுதியது முதல் இடத்தில் உட்காரும். சாதாரணப் பாட்டுப் பெட்டி பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. உட்கார்ந்த வரிசையிலேயே பாடும்.

பெயரைப் பார்த்தால் மட்டும் சரியாகிவிடுமா? அதுவும் நிச்சயம் இல்லை. எழுத்து எழுத்தாக ஒப்பிடும் பெட்டியாக இருந்தால் 1-க்குப் பின் 10, 100, 101, 11 என்று போகும். 2-இன் முறை வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்! விண்டோஸே 2001-இல் எக்ஸ்பி வந்த பிறகுதான் எண்ணை எண்ணாகப் பார்த்து அடுக்கக் கற்றுக்கொண்டது. திரையில் தெரியும் வரிசை நம் கண்ணுக்காக. நகல் போகும் வரிசை வேறு. நகல் குடியிருக்கும் வரிசை இன்னும் வேறு.

இந்தத் தொல்லை நமக்குப் புதிதல்ல. பனையோலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, ஓரத்தில் எண் எழுதினார்கள். கயிறு அறுந்து, ஓரம் செல்லரித்தால் எண்ணும் போயிற்று, வரிசையும் போயிற்று. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு தெரிந்ததுதானே! வரிசை கயிற்றில் இருந்தது, பாட்டில் இல்லை.

காரைக்காலில் சுமார் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனிதவதியார் வரிசையைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். ஒரு வெண்பாவின் அந்தம் அடுத்ததன் ஆதி. ஏடு கலைந்தாலும் தானே தன் இடத்தைச் சொல்லும். தேவார மூவருக்கும் முற்பட்ட அவருடைய பாடல்களைத் திருமுறைத் தொகுப்பில் பதினோராவதாக வைத்தார்கள். தொகுப்பவர் கை எங்கே வைத்தாலும் உள்வரிசை குலையவில்லை. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைக் கைப்பற்றினார்கள். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. கொடிகள் மாறின, அந்தாதி அப்படியே நின்றது.

அது மட்டுமா? முதல் வெண்பா தொடங்குவது 'பிறந்து' என்ற சொல்லில். கடைசி வெண்பா முடிவதும் அதே சொல்லில். மாலையின் இரு நுனியும் முடிச்சுப் போட்டாயிற்று!

பையன் டிரைவைப் பிடுங்கப் போனான். அதற்குள் 101 முடிந்து 1 தொடங்கிவிட்டது. அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து வந்த தம்முடைய பழைய குரலோடு இன்றைய நடுங்கும் குரலைச் சேர்த்துக்கொண்டார். ஓரிடத்திலும் இழை அறவில்லை. நாங்கள் யாரும் அசையவில்லை.

நூறாவது வெண்பாவோடு பெட்டி நின்றது. அதனிடம் இருந்தது அவ்வளவுதான். அம்மாள் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நூற்றொன்றாவதைத் தாமே சொல்லி முடித்தார்.