ரம் ஆலை மண்ணில் பிறந்த மாத்திரை

1982ஆம் ஆண்டு. கரீபியன் தீவு ஒன்றுக்கு விடுமுறைக்குப் போன எலி லில்லி நிறுவன ஆய்வாளர் ஒருவர், கைவிடப்பட்ட ரம் ஆலையில் ஒரு பிடி மண்ணை அள்ளிவந்தார். அதில் இருந்த நுண்ணுயிரி சுரந்த பொருள் பூச்சிகளைக் கொன்றது. அதிலிருந்து வந்த ஸ்பினோசாட், முதலில் பருத்தி வயலுக்குத்தான் போனது. நாயின் தெள்ளுப்பூச்சிகளைக் கொல்லும் மாத்திரையாக அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது 2007இல்.

அதற்கு முன்பே வேகம் காட்டியது நிட்டென்பைரம். ஜப்பானின் டகேடா நிறுவனம் பயிர்ப் பூச்சிகளுக்காக உருவாக்கிய மருந்து இது. 2000இல் ‘கேப்ஸ்டார்’ மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விழுங்கிய அரை மணி நேரத்தில் தெள்ளுப்பூச்சிகள் சாகத் தொடங்கும். இரத்தத்தில் கலந்த மருந்தை, கடிக்கும் பூச்சியே உறிஞ்சிக்கொள்கிறது. அதன் நரம்புகள் நிலைகுலைகின்றன. இரவெல்லாம் சொறிந்து தோல் புண்ணான நாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் ஒரு நாளில் அதன் வீரியம் தீர்ந்துவிடும். படுக்கையில் உதிர்ந்த முட்டைகளை அது தொடுவதே இல்லை.

அந்தக் குறையை ஸ்பினோசாட் பெருமளவு தீர்த்தது: அதே வேகம், ஒரு மாதக் காவல். பிறகு 2013இல் அஃபாக்சோலானர், 2014இல் ஃப்ளூரலானர் என்ற மாத்திரைகள் வந்தன. இவை உண்ணிகளையும் கொன்றன. இந்தப் புதிய வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. முன்பு வலிப்பு வந்த நாயென்றால், மாத்திரை வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.