வங்கிக்கு ‘பிசிஏ’ கடிவாளம்: உங்க டெபாசிட் பத்திரமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் சம்பளம், பென்ஷன், ரிட்டயர்மென்ட் பணம் எல்லாமே வங்கியில்தான் இருக்கு. அந்த வங்கியே தள்ளாடினால்?

பிசிஏ என்றால் என்ன?

உடனடி திருத்த நடவடிக்கை. வாராக்கடன் எகிறினாலோ, மூலதனம் குறைந்தாலோ ரிசர்வ் வங்கி கையில் எடுக்கும் ஆயுதம். டிவிடெண்ட், புதுக் கிளை, செலவுகளுக்குக் கட்டுப்பாடு வரலாம். உங்க பணத்தை எடுக்க இதனால் தடை இல்லை.

பலன் கிடைத்ததா?

சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபரில் இதில் சிக்கியது. தொடர் நஷ்டம். அரசு மூலதனம் போட்டது. 2020-21ல் ரூ.831 கோடி லாபம். 2021 செப்டம்பரில் விடுதலை.

கரூரின் லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2019 செப்டம்பரில் அதே கடிவாளம். ஆனா தேவையான மூலதனம் வரல. 2020 நவம்பர் 17ல், ரூ.25,000க்கு மேல் எடுக்க முடியாதுன்னு தனி உத்தரவு. நவம்பர் 27ல் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைப்பு. டெபாசிட் தப்பியது, பங்குதாரர்கள் போட்ட பணம் போச்சு.

என்ன வித்தியாசம்?

கடிவாளம் நஷ்டம் பெருகாமல் பிடிக்கும், அவகாசம் தரும். மூலதனத்தைத் தராது. கடன் கொடுப்பது சுருங்குவதால் வங்கியின் வருமானமும் அடிவாங்கும்.

நீங்க கவனிக்க வேண்டியது

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு, வட்டியோடு சேர்த்து ரூ.5 லட்சம் வரைதான். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். பெரிய தொகை என்றால் வேறு வேறு வங்கிகளில் போடுங்க.