மண்ணெண்ணெய் குடித்த கார்கள்

பேசாலையில் ஒரு காரைக் கொல்வது உப்பு. சோளகம் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. மன்னார் தீவின் ஒடுங்கிய நிலத்தில் கடலில் இருந்து தப்பி ஓடி காரை நிறுத்த இடமே கிடையாது. முதலில் கதவின் அடிப்பக்கம் பொருமும். பிறகு மட்கார்ட் பொருத்துகள். கடைசியாக, கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரை தெரியும், காரின் தரை இல்லை, ரோட்டு. எங்கட ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்கள் கழிவு ஒயிலைக் கிறீசோடு குழைத்து அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார்கள். வெள்ளைச் சட்டையோடு அந்தக் காருக்குக் கிட்டப் போகக் கூடாது. ஆனால் அந்த அழுக்குத்தான் 1950களில் வந்த சில வண்டிகளை இந்த நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது முகநூலில் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் படங்களைப் போட்டு 'அந்தக் காலம்' என்று எழுதுகிறோம். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் ஒரு நியாயமான கேள்வி இருக்கு: இவ்வளவு பழைய கார்கள் வடக்கில் ஏன் இவ்வளவு காலம் ஓடின? ஆசையால் மட்டுமா?

பழைய நம்பர் பிளேட்டில் இருந்தே தொடங்கலாம். இஎன், இவை போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அந்தக் கார் 1957க்கு முன் பதிவானது. 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சோடி சேர்த்துத்தான் அப்போது இலக்கம் கொடுத்தார்கள். 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து பிளேட்டுக்கு வந்தது. தமிழர் பகுதிகளில் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள், தெற்கில் தார் பூசும் போட்டி நடந்தது, 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களின் பதற்றம் அப்படியே ரோட்டில் ஓடித் திரிந்தது. ஒரு தகரத் துண்டில் இவ்வளவு அரசியல்.

அந்த வண்டிகள் தாக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் பொருளாதாரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 - 77 காலத்தில் அது இன்னும் இறுகியது. 1977இல் கதவு திறக்கும் வரை, இருக்கிற காரைத் திருத்தி ஓடுவதைத் தவிர சாதாரண குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. அப்பா ஓடினார், மகன் ஓடினார், பிறகு ஊரே ஓடியது. கலியாணத்துக்கும் அந்தக் கார், வெற்றி மாதா கோயில் திருநாளுக்கு உறவினரைக் கூட்டி வருவதற்கும் அந்தக் கார், பிள்ளைப்பேற்றுக்கு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கும் அதே கார்.

திருத்துவதற்கும் அவை தோதான வண்டிகள். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பொனற்றைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும்; நாலு சாவி, ஒரு திருப்புளி, கொஞ்சம் பொறுமை போதும். அதன் பலவீனம் உடலே சட்டமாக இருப்பது. தரை உக்கினால் காரே உக்கினது மாதிரி. ஒஸ்டின் ஏ40 டெவன், சொமர்செற் வண்டிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. தகரத்தை வெட்டி ஒட்டி இன்னும் பத்து வருஷம் இழுக்கலாம். எங்கட கடலுக்கு அந்தப் பக்கத்திலேயும் அதே ஒஸ்டின்தான். 1948இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டோர்ஸ் முதலில் பொருத்தியது ஒஸ்டின் ஏ40 கார்களை. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி லொறிப் பக்கம் போய்விட்டது.

இனி மண்ணெண்ணெய்க் கதை.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. தலைமன்னார் ரயில் நின்றது. வடக்குக்குள் போகக்கூடாத பொருட்களின் பட்டியல் வந்தது: பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து என்று நீளும். யாழ்ப்பாணத்திலும், பிறகு வன்னியிலும், கார் ஓடவேண்டும் என்றால் கிடைக்கிற மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். அதுவும் அளந்துதான் வந்தது, விலையோ நெருப்பு.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஓடுமா? ஓடும், ஆனால் குளிரில் எரியாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் சூடாக இருக்கவேண்டும். அதனால்தான் அந்தச் சின்னப் போத்தல். சேலைன் போத்தலோ, வேறேதும் குப்பியோ, அதில் கொஞ்சம் பெற்றோல், ஒரு ரியூப், காபரேற்றருக்கு. அதுவும் இல்லாதவர்கள் சில துளியை நேரே காபரேற்றர் வாய்க்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை லேசாக ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் தங்கம் மாதிரி இருந்த நாட்களில் அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

இது வடக்கில் பிறந்த மாயவித்தை இல்லை. வரி குறைந்த எண்ணெய் என்பதால் இங்கிலாந்து விவசாயிகள் மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய ஒரு எரிபொருளில் பல வருஷம் உழவு இயந்திரம் ஓடியவர்கள். பெர்குசன் ரிஈ20 வகையில் அதற்கென்றே ஒரு மொடல் இருந்தது: பெற்றோலில் தொடக்கு, சூடேறியதும் மாற்று. எஞ்சின் ஆறாமல் இருக்க ரேடியேற்றருக்கு முன்னால் திரை போடுவார்கள். பேசாலைக் கடற்கரையில் மண்ணெண்ணெய் அவுட்போட் எஞ்சின் ஓடின எந்தத் தொழிலாளிக்கும் இந்த முறை பழகினது. படகில் பெற்றோலில் இழுத்துத் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறவருக்கு, அதையே காருக்குள் செய்வது ஒரு புதுமையாகத் தெரிந்திருக்காது.

பழைய கார்கள் இதைத் தாங்கினதுக்குக் காரணம் அவற்றின் பழமைதான். ஆரம்பகால மைனரின் அமுக்க விகிதம் குறைவு. குறைந்த தரப் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின். மண்ணெண்ணெய் ஊற்றினால் 'நொக்' அடிக்கும், ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் ஓரளவு சமாளிக்கும். புதிய ஜப்பான் கார்கள் இந்தளவு விட்டுக்கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த கிழட்டு ஒஸ்டின் திடீரென்று ராஜா ஆனது இப்படித்தான்.

இங்கேதான் நாங்கள் வழக்கமாகக் கதையை முடிப்போம்: எங்கட ஆட்களின் கெட்டித்தனம், எதையும் ஓட வைப்பார்கள் என்று. கெட்டித்தனம் உண்மை. ஆனால் அந்த எஞ்சினின் உள்ளே என்ன நடந்தது என்றும் பார்க்கவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் அளவு குறையாமல் கூடியிருக்கும்! கூடினது ஒயில் இல்லை. அந்தத் தண்ணிப் பதத்தில் பெயாரிங் தேயும், றிங் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும். மாற்ற ஒயிலும் இல்லை. புதுப் பிளக் வராது, பழையதை மட்டத்தாளில் தேய்த்துத் திருப்பிப் போடவேண்டும். பின்னால் இருந்த பிள்ளைகளுக்குப் புகையில் கண் எரியும். ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தண்டனையாக வந்த தட்டுப்பாட்டை நாங்கள் இப்போது ஒரு சுவையான நினைவாக மட்டும் சொல்கிறோம் என்றால், தடை போட்டவர்கள் அதில் இருந்து இலகுவாகத் தப்பிவிடுகிறார்கள்.

தப்புகிறவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. கார் இரும்பால் மட்டும் ஓடுவது கிடையாது. எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்த ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு, ஹாட்வெயார், லொறித் தொழில் எல்லாவற்றிலும் முஸ்லிம்களின் பங்கு பெரியது. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். எங்கட தீவில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் ஊர்கள் வெறுமையாகின. சனம் கடல் வழியாகக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தது. மண்ணெண்ணெய்க் கார் நினைவுகளை எழுதுகிற நாங்கள் இந்த வரியை எழுதுவது குறைவு. ஒரு ஊரில் இருந்து தொழில் தெரிந்த ஆட்களை இரவோடிரவாகத் துரத்திவிட்டு, பிறகு 'எதையும் நாங்களே திருத்தினோம்' என்று பெருமை பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

பேசாலையின் கதை யாழ்ப்பாணத்துக் கதை மாதிரியே போகவும் இல்லை. 1990 முடிவில் தீவு இராணுவத்தின் கையில். பெருநிலப்பரப்பில் பெரும்பகுதி புலிகளின் கையில். மன்னார்ப் பாலம் உடைந்து கிடந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் இராமேஸ்வரத்துக்கும் மண்டபத்துக்கும் போனார்கள். வள்ளத்தில் ஆளை ஏற்றலாம், தையல் மெசினை ஏற்றலாம், காரை ஏற்ற ஏலாது. பனைமட்டை வேலிக்குள் விட்டுப்போன கார்களை உப்பு ஆறுதலாகத் தின்றது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1990களில் தெற்கே இலங்கைத் தொழிற்சாலை ஒன்று மொரிஸ் மைனருக்கு உடல் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி பண்ணியது. பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ல்ஸ் வேயார், காரை எறியாமல் திருத்தி வைத்திருப்பதே மலிவு என்று வாதிட்டவர். அவருடைய கூட்டு முயற்சிதான் அது. இந்தத் தீவில் அடித்த மட்கார்ட் இங்கிலாந்து வரை போனது. வவுனியாவுக்கு வடக்கே போக அனுமதி இல்லை.

2002 போர்நிறுத்தத்தோடு பெற்றோல் தாராளமாக வந்தது, கிழட்டுக் கார்கள் ஓய்வுக்குப் போயின. மன்னாருக்குப் புதுப் பாலம் 2010இல், தலைமன்னாருக்கு ரயில் 2015இல். முடிந்தது என்று நினைத்தால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி திரும்ப நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். 2022இல் கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கொழும்பில் உள்ளவர்களும் அந்த வருஷம் வரிசையில் நின்றார்கள். அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்தது. கார்காரர்களுக்கு அது செய்தி, பேசாலைப் படகுகளுக்கு அது கடலுக்குப் போகாத நாட்கள்.

இறக்குமதி நின்ற அந்த வருஷங்களில் பழைய கார் தேடுகிற ஆட்கள் எங்கட பக்கமும் வந்தார்கள். வேலிக்குள் எட்டிப் பார்ப்பார்கள், கதவின் அடியில் கையால் தட்டிப் பார்ப்பார்கள், தரையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், அதை வெட்டி ஒட்டலாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "புத்தகம் இருக்கா?" பதிவுப் புத்தகம் இல்லாமல் பெயர் மாற்றுவது பெரிய கரைச்சல். பாதி வீடுகளில் கார் அப்படியே நிற்கும், புத்தகம் 1990இல் ஏதோ ஒரு பையோடு போயிருக்கும்.