300 எம்பிபிஎஸ்ஸும் தேனி கண்ணாஸ்பத்திரியும்

சேலையூர்ல கேம்ப் ரோடு பக்கம் எங்க வீடு. பழைய கட்டடம், சுவர் எல்லாம் ஒன்பது அங்குலம். போன மாசம் வாங்கின அக்சஸ் பாயிண்ட் பொட்டி மேல கொட்டை எழுத்துல 300 எம்பிபிஎஸ்னு போட்டிருந்தது. ஹால்ல பறக்குது. பின் அறையில அம்மா அக்காவோட வீடியோவில பேசினா மட்டும் முகம் கட்டம் கட்டமா உறைஞ்சு நிக்குது. "காசு குடுத்துதானேடா வாங்கினே?"ன்னாங்க. பதில் இல்லை. அதான் கொஞ்சம் தோண்டினேன்.

முதல்ல அந்த எண்ணோட பூர்வீகம். 1997-ல் வந்த முதல் 802.11 தரத்துக்கு 2 எம்பிபிஎஸ். 1999-ல் 'பி' வந்து 11 ஆச்சு, 2003-ல் 'ஜி' வந்து 54. 2009-ல் 'என்'. நம்ம 300 அந்த வம்சம். ஆனா இதெல்லாம் காத்துல போற வேகம், கைக்கு வர்ற வேகம் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னாடி 'வேற யாராவது பேசறாங்களா'ன்னு காது குடுக்கணும். அனுப்பினப்புறம் 'கிடைச்சுது'ன்னு பதில் வரணும். இந்த மரியாதைக்கே பாதி நேரம் காலி. 54-ன்னு வித்த காலத்துல கைக்கு வந்தது 20 சொச்சம்தான்.

இந்த மரியாதை என்ன பாடு படுத்தும்னு தெரிஞ்சுக்க தேனிக்குப் போகணும்.

2005 ஜனவரியில மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம்னு விதி போட்டது. கருவியோட சக்தி 1 வாட், ஆண்டெனா பலத்தையும் சேர்த்து 4 வாட் வரைக்கும் ஓகே. அந்த சமயத்துலதான் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவரோட குழுவும் சேர்ந்து சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்த கண் பரிசோதனை மையங்களை வைஃபையால இணைச்சாங்க. சில மையங்கள் 15 கிலோமீட்டர் வரை தள்ளி. கோபுரம் வெச்சு, ஆண்டெனாவை நேருக்கு நேர் திருப்பி வெச்சாச்சு. சிக்னல் போய்ச் சேருது. ஆனாலும் இணைப்பு தடுமாறும். ஏன்?

கணக்கு எளிது. ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் போக சுமார் 3.3 மைக்ரோசெகண்ட். 15 கிலோமீட்டர் போய் பதில் திரும்ப 100 மைக்ரோசெகண்ட். வைஃபை வடிவமைச்சவங்க மனசுல இருந்தது ஆபீஸும் வீடும்தான். அவ்வளவு நேரம் காத்திருக்க அதுக்குப் பொறுமை கிடையாது. பதில் வந்துக்கிட்டு இருக்கும்போதே 'தொலைஞ்சு போச்சு'ன்னு மறுபடி அனுப்பும், மோதிக்கும். அந்தக் குழு ரேடியோவை மாத்தலை, சாஃப்ட்வேரை மாத்தினாங்க. ரெண்டு முனையும் நேரம் பிரிச்சு முறை வெச்சுப் பேசணும், பதிலை மொத்தமா சொன்னா போதும். அதுக்கு வைல்ட்நெட்னு பேரு, 2007-ல் ஆய்வுக் கட்டுரையா வந்தது.

வில்லேஜ் பாட்டி ஒருத்தர் பஸ் ஏறாம, ஒரு நாள் கூலியை விடாம, வெப்கேம்ல டாக்டரைப் பார்த்துப் பேச முடிஞ்சதுக்குப் பின்னாடி இந்த 100 மைக்ரோசெகண்ட் இருக்கு. இன்னிக்கும் வெளியில மாட்டற அக்சஸ் பாயிண்ட்ல 'டிஸ்டன்ஸ்', 'ஏசிகே டைம்அவுட்'னு ஒரு செட்டிங் இருந்தா, அது இந்த வியாதிக்கான மருந்துதான்.

சரி, நம்ம வீட்டு மேட்டருக்கு வருவோம். பொட்டியோட பின்பக்கப் பொடி எழுத்துல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, அனுப்பும் சக்தி: 20 டிபிஎம்னா 100 மில்லிவாட், 3 கூடினா ரெட்டிப்பு. ரெண்டாவது, கேட்கும் திறன்: மைனஸ்ல இருக்கும், எண் பெருசா இருந்தா காது கூர்மை. பொட்டி எவ்வளவு கத்தினாலும், கையில இருக்கிற போனோட சின்னக் குரல் அதுக்குக் கேட்கணுமே! அதனால அந்த ரெண்டாவது எண்தான் முக்கியம்.

கடைசியில நான் செலவு எதுவும் பண்ணலை. பொட்டியை ஹால் மூலையில இருந்து எடுத்து நடு வழியில, அலமாரி மேல வெச்சேன். இடையில இருந்த ரெண்டு சுவர் ஒண்ணா ஆச்சு. அம்மாவுக்கு இப்ப அக்கா முகம் தெரியுது. எண்ணை நம்பறதுக்கு முன்னாடி சுவரை எண்ணியிருக்கணும்!