புடாபெஸ்ட் போய் வந்த திருவாசகம்

முதலிபாளையத்தில் பஸ் ஏறி, திருப்பூரில் இறங்கி இன்னொரு பஸ் மாறினால் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர் என்று இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மாணிக்கவாசகரும் தன் திருவாசகத்தில் அவிநாசி சாமியைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார் என்பது, மாதாமாதம் அந்தக் கோயிலுக்குப் போகிற பலருக்கே தெரியாத விஷயம்.

அந்தத் திருவாசகம்தான் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட் வரை போய், அங்கே உள்ள வயலின்காரர்கள் கையில் வாசிக்கப்பட்டு, 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் குறுந்தகடாக வெளியானது. இசை இளையராஜா. அப்போது அவருக்கு வயது 62. 'அன்னக்கிளி' (1976) வந்து 29 வருடம் ஆகியிருந்தது. இனிமேல் அவர் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நேரம். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது!

இந்தத் தட்டு எப்படி உருவானது என்று பார்ப்பதற்கு முன், நம்மூரில் 'ஆல்பம்' என்பது எவ்வளவு அபூர்வமான சரக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலை நாட்டில் ஒரு மூத்த ராக் இசைக்கலைஞர் அறுபது வயதில் புது ஆல்பம் போடுகிறார் என்றால் அது அவருடைய பெயரில், அவருடைய படம் போட்ட அட்டையோடு வரும். நல்லதோ கெட்டதோ, அது அவருடையது. தமிழ்நாட்டில் ஒரு இசையமைப்பாளர் ஆயிரம் பாட்டுப் போட்டாலும் ஒவ்வொன்றும் ஒரு படத்துக்குச் சொந்தம். கேசட் அட்டையில் ஹீரோ சிரிப்பார். பாட்டின் நீளத்தை டைரக்டர் முடிவு செய்வார், மெட்டின் வேகத்தைக் கதைச் சூழல் முடிவு செய்யும். நைட் ஷிஃப்டில் பவர்டேபிள் ஓட்டிக்கொண்டே ராஜா பாட்டுக் கேட்கிற பனியன் கம்பெனித் தொழிலாளிகூட அதை 'மோகன் பாட்டு', 'ராமராஜன் பாட்டு' என்றுதான் சொல்வார்.

இதிலிருந்து வெளியே வர இளையராஜா ஏற்கெனவே முயற்சி செய்திருந்தார். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' வந்தது. பாக்கையும் தியாகராஜரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டது போன்ற தட்டு அது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முக்கியமான குரல். 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. இரண்டிலும் பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. ரசிகர்கள் இன்றும் தேய்ந்துபோகிற அளவுக்குக் கேட்கிறார்கள் என்றாலும், வார்த்தை இல்லாத இசை டீக்கடை வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்து வந்ததுதான் 1993. லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக இளையராஜா ஒரு சிம்பொனி எழுதினார். ஜான் ஸ்காட் நடத்த, அது லண்டனில் பதிவும் செய்யப்பட்டது. பத்திரிகைகளில் செய்தி வந்தது, தமிழ்நாடே பெருமைப்பட்டது. ஆனால் இசைதான் வரவில்லை. வருடங்கள் போயின. கேசட் காலம் முடிந்து சி.டி. காலம் வந்தது, பிறகு நூறு பாட்டு அடங்கிய எம்பி3 தட்டுகள் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்க ஆரம்பித்தன. அந்த சிம்பொனி மட்டும் எந்தக் கடைக்கும் வரவில்லை. பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு என்பதை இளையராஜாவின் ரசிகர்கள் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்துத் திருவாசகம் வருகிறது என்று செய்தி வந்தபோது, 'இதாவது கைக்கு வருமா?' என்ற சந்தேகம் பலருக்கு இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

கைக்கு வந்தது. அதற்குக் காரணமானவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்! ஜெகத் கஸ்பர் ராஜ். மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு சென்னையில் 'தமிழ் மையம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்புதான் திருவாசகத் தட்டின் தயாரிப்பாளர். சைவத் திருமுறையில் எட்டாவதாக வைக்கப்பட்ட நூலுக்குக் கிறித்தவப் பாதிரியார் தயாரிப்பாளரா என்று அன்றைக்குப் புருவம் உயர்த்தியவர்கள் ஒரு பழைய கதையை மறந்துவிட்டார்கள். திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சிட்டவர் ஜி.யு. போப். அவரும் பாதிரியார்தான். கிறித்தவச் சபை வேறு, அவ்வளவே. 'திருவாசகத்துக்கு உருகாதவர்' என்று தொடங்கும் பழமொழி எந்த மதத்துக்காரர் என்று கேட்டு உருகச் சொல்வதில்லை.

திருவாசகத்தில் 51 பகுதிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் இசையமைக்க முடியாது. ஆறு பாடல்கள் தேர்வாயின. எந்த ஆறு என்று பார்த்தால் ராஜாவின் கணக்குப் புரியும். தட்டு யாத்திரைப் பத்தில் தொடங்குகிறது. கிளம்ப வேண்டிய காலம் வந்துவிட்டது, அடியார்களோடு சேர்ந்து புறப்படுங்கள் என்று கூப்பிடுகிற பதிகம் அது. பயணத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பிறகு சிவபுராணத்தின் ஒரு பகுதி. வண்டைப் பார்த்துப் பேசுகிற திருக்கோத்தும்பி. உன்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், இனி எங்கே போவாய் என்று இறைவனையே மடக்குகிற பிடித்த பத்து. பெண்கள் உரலில் வாசனைப்பொடி இடித்துக்கொண்டே பாடும் திருப்பொற்சுண்ணம். கடைசியில் அச்சப்பத்து. பாம்புக்குப் பயமில்லை, வேறெதற்கும் பயமில்லை, அன்பில்லாதவரைக் கண்டால்தான் பயம் என்கிற பதிகம்.

இந்த வரிசையில் பொற்சுண்ணம் தனியாகக் கவனிக்க வேண்டியது. அது ஒரு வேலைப் பாட்டு. உலக்கை ஏறி இறங்குகிற தாளம் செய்யுளுக்குள்ளேயே இருக்கிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடைகளில் வாசித்து வளர்ந்தவருக்கு இந்தத் தாளத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் ஒன்பதாம் நூற்றாண்டில் பெண்களின் வேலைப் பாட்டை எடுத்துப் பதிகம் ஆக்கினார். இளையராஜா அந்தப் பதிகத்தை எடுத்து ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் வைத்தார்.

கோயில்களில் ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது நெடுநாள் வழக்கம். காதுக்குப் பழகிப்போன அந்த ஒரே ராகத்தை விட்டு வெளியே போவதே பெரிய துணிச்சல். பக்தியோடு கேட்பவர்கள் 'இது நம்ம திருவாசகம் இல்லையே' என்று எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? மேலை இசைக்காரர்கள் 'இது எங்கள் சிம்பொனியும் இல்லையே' என்று சொன்னால்? இரண்டு பக்கமும் அடி விழக்கூடிய இடத்தில்தான் ராஜா நின்றார்.

புடாபெஸ்ட் ஏன் என்ற கேள்வி வரும். 'ஹே ராம்' (2000) படத்தின் பின்னணி இசைக்காக அவர் ஏற்கெனவே அங்கே போய்ப் பதிவு செய்திருந்தார். எனவே புது ஊர் அல்ல. இந்த முறை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் லாஸ்லோ கோவாச்.

சென்னையில் பதிவு செய்வதற்கும் அங்கே செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரசாத் ஸ்டுடியோவில் வாசிப்பவர்கள் ராஜாவோடு பல வருடம் பழகியவர்கள். ஒரு இடத்தில் கமகம் வேண்டுமென்றால் பாடிக் காட்டினால் போதும், புல்லாங்குழல்காரர் பிடித்துக்கொள்வார். ஹங்கேரிக்காரருக்குத் தமிழ் தெரியாது, ராகமும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டும்தான். எந்த வயலின் எந்த நொடியில் உள்ளே வர வேண்டும், எவ்வளவு மெதுவாக, வில்லை எப்படி இழுத்து என்பதெல்லாம் அதில் இருந்தால்தான் உண்டு. எழுதாமல் விட்டால் வராது. தன்ராஜ் மாஸ்டரிடம் மயிலாப்பூரில் கற்ற நொட்டேஷனை வைத்து, ஹார்மோனியமோ பியானோவோ தொடாமல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் நேரடியாகக் காகிதத்தில் எழுதுகிற பழக்கம் ராஜாவுக்கு உண்டு என்பது கோடம்பாக்கம் அறிந்த கதை. சினிமாவில் அது வேகத்துக்கு உதவியது. புடாபெஸ்டில் அது இல்லாமல் வேலையே நடந்திருக்காது.

தட்டின் நடுநாயகம் சிவபுராணத்திலிருந்து எடுத்த 'பொல்லா வினையேன்'. சுமார் 20 நிமிடம் ஓடுகிறது. (சினிமாப் பாட்டு ஐந்து நிமிடம் தாண்டினால் டைரக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்!) 95 அடிகள் கொண்ட சிவபுராணத்தில், புல்லாய், பூண்டாய், புழுவாய், மரமாய் என்று எத்தனையோ பிறவி எடுத்து இளைத்துப்போனதைச் சொல்லும் இடம் தமிழ் படித்த யாருக்கும் தெரியும். இளையராஜா முழு சிவபுராணத்தையும் எடுத்துக்கொள்ளாமல், தன்னையே குறைத்துச் சொல்லிக்கொள்ளும் அந்த மனிதனின் புலம்பலில் தொடங்குகிறார். பாடுவதும் அவரே. பயிற்சி பெற்ற மென்மையான குரலில் இதைப் பாடியிருந்தால் இந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்காது. கொஞ்சம் கரகரப்பான அந்தக் குரலில் இருக்கிற களைப்பு, பல பிறவி எடுத்தவனின் களைப்பாகவே கேட்கிறது.

இந்தப் பாட்டில்தான் ஆங்கில வரிகளும் வருகின்றன. எழுதியவர் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ். 'காட்ஸ்பெல்', 'விக்கெட்' ஆகிய பிராட்வே இசை நாடகங்களின் இசையும் பாடல்களும் அவருடையவை. 'பொகஹான்டஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். மத்தேயு நற்செய்தியை இசை நாடகமாக்கியவர், மாணிக்கவாசகருக்கு ஆங்கிலம் எழுதினார். தமிழில் ராஜா பாட, ஆங்கிலத்தில் இன்னொரு ஆண் குரல் பதில் சொல்வது போல வரும். இதை ரசிக்காதவர்கள் நிறைய. 'உருகிக்கொண்டு இருக்கும்போது நடுவில் இங்கிலீஷ் எதற்கு' என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஏதாவது ஒரு கதவைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். திருவாசகத்தின் எல்லாப் பாட்டிலும் திறக்காமல் இதில் திறந்ததே கட்டுப்பாடுதான்.

அடுத்த சண்டை பெயரைப் பற்றி. இது சிம்பொனியா? கண்டிப்பான அர்த்தத்தில் இல்லை. ஹைடன், மொஸார்ட் காலத்திலிருந்து சிம்பொனி என்றால் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக ஓடும், வாத்தியங்களுக்கு மட்டுமான பெரிய உருப்படி. பேத்தோவன் 1824-ல் தன் ஒன்பதாவது சிம்பொனியில் பாடகர்களைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அது பெரிய மீறல். சமய நூலின் வரிகளை எடுத்து, தனிக்குரல், குழுக்குரல், ஆர்கெஸ்ட்ரா மூன்றையும் சேர்த்துச் செய்வதற்கு ஐரோப்பாவில் வேறு பெயர் உண்டு: ஒரட்டோரியோ. 1742-ல் டப்ளினில் முதன்முதலில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசாயா' அந்த வகை. திருவாசகத் தட்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'திருவாசகம் ஒரட்டோரியோ' என்று போட்டிருந்தால் நம்மூரில் யாருக்குப் புரிந்திருக்கும்? 1993-க்குப் பிறகு 'சிம்பொனி' என்ற வார்த்தை தமிழர்களுக்கு ஒரு பாக்கிக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கணக்கைத் தீர்த்த மாதிரி இருக்கட்டும் என்றும் அந்தப் பெயர் நின்றிருக்கலாம்.

வெளியீட்டு விழாவில் வைகோ பேசினார். கடவுள் மறுப்பில் வளர்ந்த திராவிட இயக்கத்தின் தலைவர் ஒருவர், பாதிரியார் தயாரித்த சைவ நூலின் இசைத்தட்டைப் பாராட்டிப் பேசிய மேடை அது! தமிழ்நாட்டில் வேறு எந்தத் தட்டுக்கும் இப்படி ஒரு கூட்டணி அமைந்திருக்குமா என்பது சந்தேகம்.

தட்டு கடைக்கு வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். கோயில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். திருமுறையே படிக்காத கல்லூரிப் பையன்கள் ஹெட்போனில் கேட்டுவிட்டு, அர்த்தம் தேடிப் புத்தகம் வாங்கினார்கள். மோகனத்தில் ஓதிப் பழகியவர்களில் சிலர் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் இந்தத் தட்டு எடுபடாது என்பதும் உண்மை. மெல்லிய வயலின் தொடக்கங்கள் பவர்டேபிளில் காணாமல் போய்விடும். இதற்குத் தனியாக உட்கார வேண்டும், ராத்திரி வேலை முடிந்து வந்த பிறகு.

இருபது வருடம் கழித்து, 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில், இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை அதே ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா மக்கள் முன்னால் வாசித்தது. நடத்தியவர் மிக்கெல் டாம்ஸ். ராஜாவுக்கு அப்போது 81 வயது. இது வாத்தியங்களுக்காகவே எழுதிய சிம்பொனி, பெயரைப் பற்றி யாரும் சண்டை போட முடியாது. ஆனால் 1993-ல் எழுதியது இது அல்ல, இது புதிதாக எழுதியது. ஜான் ஸ்காட் நடத்திப் பதிவான அந்த முதல் சிம்பொனி எந்தக் கடைக்கும் வராமலே இருக்கிறது.