1985: குழந்தைக் காப்பகங்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காமல் போன கதை

1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல ஊர்களில் குழந்தைக் காப்பகம் நடத்தியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பாலிசி இனிமேல் புதுப்பிக்கப்படாது என்பதுதான் விஷயம். சிலருக்குப் பாலிசிக் காலம் முடியும் முன்பே ரத்து! புதுப்பிக்க முடிந்தவர்களிடமும் பிரீமியம் பழையதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கப்பட்டது. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு டாலர்கூட இழப்பீடு கேட்டதில்லை.

இது ஏதோ கம்பெனிகளுக்கும் காப்பகங்களுக்கும் இடையிலான கணக்கு வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது அமெரிக்காவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போய்க்கொண்டோ, வேலை தேடிக்கொண்டோ இருந்தார்கள். காப்பகம் மூடினால் திங்கட்கிழமை காலை குழந்தையை எங்கே விடுவது? மூடாமல் கட்டணத்தை ஏற்றினால், சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும். காப்பகத்தில் வேலை செய்த பெண்களோ நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி வாங்கியவர்களில் சேர்ந்தவர்கள். அவர்கள் சம்பளத்தைக் குறைத்து பிரீமியம் கட்டவும் வழியில்லை.

சரி, ஏன் இப்படி நடந்தது?

எல்லோரும் முதலில் கைகாட்டியது கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் இருந்த மேக்மார்ட்டின் மழலையர் பள்ளியை. 1983-இல் அங்கே குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. 1984-இல் ஏழு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தொலைக்காட்சியில் தினமும் இதே செய்தி. ஆனால் 1986-இல் ஐந்து பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 1990-இல் வழக்கு முழுவதும் முடிந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளி எனத் தீர்ப்பாகவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. காப்பகம் என்றாலே ஆபத்தான தொழில் என்று முடிவு கட்டிவிட்டன.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வட்டி விகிதம் மிக அதிகம். பிரீமியமாக வரும் பணத்தை முதலீடு செய்தாலே கொள்ளை லாபம். அதனால் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு குறைந்த விலைக்கு பாலிசி விற்றன. பிறகு வட்டி இறங்கியது. குறைந்த விலைக்கு விற்ற பாலிசிகளின் நஷ்டம் தலைதூக்கியது. உடனே எல்லாக் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் கையை இழுத்துக்கொண்டன. காப்பகங்கள் மட்டுமல்ல, நகராட்சிகள், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள், தாதிகள் என்று பலரும் அந்த ஆண்டுகளில் இதே கதவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். மன்ஹாட்டன் பீச்சுக்கும் நகராட்சிகளுக்கும் என்ன சம்பந்தம்?

அதே நேரம் கம்பெனிகள் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. 1984-இல் 3 வயதுக் குழந்தை ஒன்று சறுக்கு மரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல மாநிலங்களில், மைனராக இருக்கும் வரை வழக்குப் போடுவதற்கான காலக்கெடு ஓடாது. ஆக அந்தக் குழந்தைக்கு 18 வயதாகும் 1999-க்குப் பிறகும் வழக்கு வரலாம்! இதைத்தான் இன்சூரன்ஸ்காரர்கள் 'நீண்ட வால்' என்பார்கள். பழைய வகை பாலிசியில், விபத்து நடந்த ஆண்டில் பாலிசி இருந்தால் போதும். வழக்கு எப்போது வந்தாலும் அந்தக் கம்பெனிதான் பொறுப்பு. 1986 வாக்கில் கம்பெனிகள் கொண்டுவந்த புதிய வகையிலோ, கோரிக்கை வரும் நேரத்தில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். நடுவில் காப்பகம் மூடிவிட்டால்? அதற்கென்று தனியாகக் கூடுதல் பணம் கட்டி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். குழந்தையைச் சேர்க்கும்போது "இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்ட பெற்றோரில், அது எந்த வகை என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இதைவிடச் சிக்கலானது வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண்களின் நிலை. வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பாலிசிகள் வீட்டில் நடக்கும் தொழிலால் வரும் பொறுப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. அண்டை வீட்டுக் குழந்தை விளையாட வந்து விழுந்தால் ஒரு கணக்கு, பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் குழந்தை விழுந்தால் வேறு கணக்கு. வீடு அதேதான், படிக்கட்டும் அதேதான்.

1985 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழந்தைகள், இளைஞர், குடும்பங்களுக்கான குழு இதைப் பற்றி விசாரணை நடத்தியது. ஜார்ஜ் மில்லர் அதன் தலைவர். பிறகு பல மாநிலங்கள், பாலிசியைப் பாதியில் ரத்து செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தன. 1986-இல் வந்த ஒரு மத்தியச் சட்டம், ஒரே தொழில் செய்பவர்கள் ஒன்று சேர்ந்து தங்களுக்குள்ளேயே பொறுப்புக் காப்பீடு நடத்திக்கொள்ள வழி திறந்தது. கம்பெனிகளும் லண்டன் மறுகாப்பீட்டாளர்களும் கூட்டுச் சேர்ந்துதான் பாலிசி விதிகளை மாற்றினார்கள் என்று மாநிலங்கள் 1988-இல் வழக்குப் போட்டன. 1993-இல் அந்த வழக்கின் முக்கியப் பகுதிகள் தொடரலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதற்குள் சந்தையே சரியாகிவிட்டிருந்தது. காப்பகங்களுக்கு மீண்டும் பாலிசி கிடைத்தது. ஆனால் பாலியல் கொடுமை சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு மட்டும் பல பாலிசிகளில் விலக்கு, அல்லது மிகச் சிறிய உச்சவரம்பு என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டது. எந்தப் பயத்தால் இத்தனையும் ஆரம்பித்ததாகச் சொன்னார்களோ, அதற்குத்தான் காப்பு இல்லை!

கலிபோர்னியா சட்டத்தின் ஏற்பாடு இன்னும் சுவாரஸ்யமானது. வீட்டில் காப்பகம் நடத்துபவர் ஒரு சம்பவத்துக்கு 1,00,000 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 3,00,000 டாலர் அளவுக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அல்லது 3,00,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் தர வேண்டும். இரண்டும் முடியாதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது தனக்குத் தெரியும் என்று ஒவ்வொரு பெற்றோரும் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளைக் கோப்பில் வைத்திருந்தால் போதும். வாடகை வீடு என்றால், வீட்டு உரிமையாளரின் இன்சூரன்ஸும் உதவாமல் போகலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். காலை ஏழரை மணிக்கு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் பேனா, வெளியே ஸ்டார்ட் செய்தபடி நிற்கும் கார் என்று இருக்கும் ஒரு தாய் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டா கையெழுத்துப் போடுவார்?