தண்டும் வீச்சும்: கோல்ப் மட்டையின் வரலாற்றில் மூலப்பொருளும் மனிதத் திறனும்

விளையாட்டு ஓய்வின்பாற்பட்டது, உற்பத்தி உழைப்பின்பாற்பட்டது எனக் கொண்டு இவ்விரண்டையும் தனித்தனியே நோக்கும் வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுள்ளது. கோல்ப் விளையாட்டைப் பொறுத்தவரையில் இவ்வாறு நோக்குவது இன்னும் எளிது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே கொழும்பிலும் நுவரெலியாவிலும் ஆங்கில அதிகாரிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும் உரிய பொழுதுபோக்காக அது அறிமுகமாயிற்று. ஆதலால் அதனைச் சமூக வரலாற்றாய்வுக்குப் புறம்பானதாகக் கொள்வதும் இயல்பே. எனினும், விளையாட்டுக் கருவி எதுவும் ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின் விளைபொருள் என்பதையும், அக்கருவியைக் கையாளும் உடலும் அதற்கேற்பவே பழக்கப்படுகின்றது என்பதையும் நினைவிற் கொண்டால், கோல்ப் மட்டையும் ஆய்வுக்குரிய பொருளாகிவிடுகின்றது.

கோல்ப் மட்டைகளுள் பந்தை முதலடியில் நெடுந்தொலைவு செலுத்துவதற்குப் பயன்படுவது 'ட்றைவர்' எனப்படும். பந்தைத் தாக்கும் தலை, ஆடுவோன் பற்றும் பிடி, இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு என மூன்று உறுப்புகளை உடையது அது. இவற்றுள் தண்டின் வரலாற்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. தண்டு மரத்திலிருந்து உருக்குக்கும், உருக்கிலிருந்து காபன் இழைக்கும் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் ஆடுவோனின் வீச்சும் மாறியது. தனிமனிதனின் பிறவித்திறன் எனப் போற்றப்படுவதன் பெரும்பகுதி கருவியின் வரலாற்றினால் உருவாக்கப்பட்டது என்பதும், அதே வரலாற்றின் போக்கிலே கருவியைச் செய்தோரின் திறன் பெயரற்றதாக்கப்பட்டது என்பதுமே இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

1. வில்வினைஞரும் மட்டையும்

ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்றம் 1457ஆம் ஆண்டிலே கோல்ப், உதைபந்து ஆகிய இரண்டையும் தடைசெய்தது. மக்கள் விற்பயிற்சியைக் கைவிட்டு இவ்விளையாட்டுகளில் ஈடுபடுவது நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் எனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், 1603இல், ஆறாம் ஜேம்ஸ் மன்னன் தனக்கு மட்டை செய்யும் உரிமையை வில்லியம் மெய்ன் என்பவனுக்கு வழங்கினான். இந்த மெய்ன் எடின்பரோ நகரத்து வில்வினைஞன் என்பது நோக்கற்பாலது. வெடிமருந்தின் வருகையால் வில்லின் போர்ப்பயன் குன்றிவந்த காலம் அது. மரத்தின் வளைவையும் மீள்தன்மையையும் கையாலறிந்த தொழிலாளருக்கு மட்டை செய்தல் அயலான தொழிலன்று.

அக்காலத் தண்டுகள் ஆஷ், ஹேசல் முதலிய மரங்களாலானவை. அப்பிள், பேரி போன்ற மரங்களிற் செதுக்கிய நீண்ட தலையைச் சாய்வாகச் சீவிய தண்டின் நுனியோடு பசையிட்டுப் பொருத்தி, கீல் பூசிய நூலால் இறுகச் சுற்றுவர். தோலுறைக்குள் இறகு திணித்த பந்தே அப்போது வழக்கிலிருந்தது. 1848ஆம் ஆண்டளவிலே மலாயாக் காடுகளிலிருந்து பெறப்பட்ட குற்றாபேர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன கடினமான பந்து பரவத் தொடங்கியது. அப்பந்து தலைக்கும் தண்டுக்கும் தந்த அதிர்ச்சி முன்னையதிலும் பெரிது. தண்டின் வரலாறு ஸ்கொட்லாந்தின் எல்லைக்குள் மட்டும் நிகழவில்லை என்பதற்கு இது முதற்சான்று.

2. ஹிக்கரியும் கைவினைஞரின் தீர்ப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வட அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் ஸ்கொட்லாந்தை வந்தடைந்தது. வன்மையும் வளைந்து மீளுந்தன்மையும் ஒருங்கே பொருந்திய அம்மரம் நாளடைவில் ஏனைய மரங்களை அகற்றித் தண்டுக்குரிய மரமாகவே ஆயிற்று. சென்ற் அன்ட்றூஸ் நகரில் ஹியூ பில்ப், அவரது மருமகன் றொபேட் போர்கன் போன்றோரின் பட்டறைகள் புகழ்பெற்றன. மட்டைத் தலையில் அதனைச் செய்தவரின் பெயர் முத்திரையிடப்பட்டது. தொழிலின் தரத்துக்கு அப்பெயரே உறுதிமொழியாயிற்று.

ஹிக்கரித் தண்டு செய்தல் அளவுகோலால் மட்டும் ஆகும் தொழிலன்று. நாரோட்டம் நேராகவுள்ள மரத்தைத் தெரிந்து, பிளந்து, நெடுங்காலம் உலரவைத்து, சீவுளியாலும் சுரண்டியாலும் கண்ணாடித் துண்டாலும் படிப்படியாக மெலியச் செய்வர். இடையிடையே தண்டைக் கையிற் பிடித்து அசைத்து, எவ்விடத்தில் எவ்வளவு வளைகின்றது என அறிந்து, மேலும் சீவுவதா நிறுத்துவதா எனத் தீர்மானிப்பர். இரு மரங்கள் ஒன்றையொன்று ஒத்திராதவாறே இரு தண்டுகளும் ஒத்திரா. ஆதலின் ஆடுவோன் தன் கைக்கு இசைந்த மட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஹிக்கரியின் முக்கிய குறைபாடு அதன் முறுக்கமாகும். தலையின் திணிவுமையம் தண்டின் அச்சிலிருந்து விலகியிருப்பதால், வீச்சின்போது தலை தண்டை முறுக்க முற்படுகின்றது. மரத்தண்டு இம்முறுக்கத்தை எளிதில் எதிர்ப்பதில்லை. மட்டையை விரைந்து கீழிறக்கினால் தலையின் முகம் பின்தங்கித் திறந்தவாறே பந்தை அடையும். பந்து வலப்புறம் விலகிச் செல்லும். இதனைத் தவிர்க்கும் பொருட்டே அக்கால ஆட்டக்காரர் நிதானமாக வீச்சைத் தொடங்கி, உடலைச் சுற்றித் தாழ்வாக மட்டையைக் கொண்டுசென்று, மணிக்கட்டுகளின் தொழிற்பாட்டால் தக்க தருணத்திலே முகத்தை நேராக்கினர். பொபி ஜோன்சின் வீச்சிலே பலரும் வியந்த தாளலயம் இத்தேவையோடு தொடர்புடையது. 1930ஆம் ஆண்டிலே பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் நான்கு பெரும் போட்டிகளையும் அவர் ஒருங்கே வென்றது ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டேயாம்.

3. உருக்கின் வருகை

உலோகத் தண்டு பற்றிய எண்ணம் புதிதன்று. ஸ்கொட்லாந்துக் கொல்லரான தோமஸ் ஹோர்ஸ்பேர்க் 1890களிலேயே உருக்குத் தண்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அது பரவவில்லை. திண்மையான உருக்குக் கோல் எடை மிகுந்தது. எடை குறைந்த பொருத்தற்ற குழாயைச் சீராக இழுத்துச் செய்யும் ஆலைத்தொழில் முதிர்ச்சி பெறவேண்டியிருந்தது. ஒரு கண்டுபிடிப்பு அதனைத் தாங்கும் உற்பத்திச் சூழல் அமையும்வரை காத்திருக்க நேர்வதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்கால்பகுதியிலே அச்சூழல் அமெரிக்காவில் அமைந்தது. அங்கு கோல்ப் நடுத்தர வகுப்பாரிடையே விரைந்து பரவியது. கருவிகளின் பிடிகளுக்கும் வண்டிச் சக்கரங்களின் ஆரைகளுக்கும் வேண்டப்பட்ட ஹிக்கரி, கோல்ப் தண்டுகளுக்கும் பெருந்தொகையாக வெட்டப்பட்டமையால் தரமான மரம் அருகியது. மெதுவாக வளரும் மரத்தால் விரைவாக வளரும் சந்தைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. இவ்விடைவெளியை உருக்குக் குழாய் நிரப்பியது. பின்னாளில் 'ட்ரூ ரெம்பர்' என்னும் பெயரால் உலகறிந்த உருக்குத் தண்டுகளைச் செய்தது, முள்ளும் மண்வெட்டியும் போன்ற வேளாண் கருவிகளைச் செய்துவந்த ஓர் அமெரிக்க நிறுவனமே என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்க கோல்ப் சங்கம் 1924இல் உருக்குத் தண்டை ஏற்றுக்கொண்டது. சென்ற் அன்ட்றூஸ் கழகமோ 1929 வரை அதனை ஏற்கவில்லை. ஐந்தாண்டுக் காலம் ஒரே விளையாட்டு அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் இரு வேறு விதிகளின்படி ஆடப்பட்டது. மரபு குறித்த கருத்துவேறுபாடாகத் தோன்றும் இதன் அடியில் கைவினைப் பட்டறைக்கும் ஆலைக்கும் இடையிலான முரண்பாடும் உள்ளது. 1931இல் பில்லி பேர்க் அமெரிக்கத் திறந்த போட்டியை உருக்குத் தண்டுகளுடன் வென்றார். தொடக்ககால உருக்குத் தண்டுகள் பலவற்றின்மீது மரம்போலத் தோன்றும் உறை போர்த்தப்பட்டது. புதியது பழையதன் கோலத்தில் நுழைய வேண்டியிருந்தது எனலாம்.

உருக்குக் குழாயின் சிறப்பு முறுக்கத்தை எதிர்த்தலாகும். பொருள் அச்சிலிருந்து விலகி அமைவதால் குறைந்த எடையிலேயே மிகுந்த விறைப்புக் கிடைக்கின்றது. முகம் திறந்துகொள்வதை மணிக்கட்டால் ஈடுசெய்யும் தேவை குறைந்தது. ஹிக்கரியிலே பழகிய கை உருக்கைப் பிடித்தபோது, அதே ஈடுசெய்தலே பிழையாகிப் பந்தை இடப்புறம் வளைத்தது. டெக்சஸ் மாநிலத்திலே மட்டை சுமக்கும் சிறுவனாக ஆட்டத்தை அறிந்த பைரன் நெல்சன் இம்மாற்றத்தை நேரே எதிர்கொண்டவர். கைகளின் விளையாட்டைக் குறைத்து, கால்களாலும் உடலின் பெருந்தசைகளாலும் மட்டையைச் செலுத்தும் வீச்சை அவர் அமைத்துக்கொண்டார். 1945இல் தொடர்ந்து 11 போட்டிகளையும் அவ்வாண்டிலே மொத்தமாக 18 போட்டிகளையும் வென்றார். 'நவீன வீச்சு' எனப் பயிற்சி நூல்கள் போற்றுவது உருக்குத் தண்டுக்கு உரிய வீச்சேயாகும்.

உருக்கு இன்னொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. ஒத்த தண்டுகளை எத்தனையாயினும் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டதும் மட்டைகள் தொகுதிகளாக விற்கப்பட்டன. 'மஷி', 'நிப்ளிக்' முதலிய பழம்பெயர்கள் மறைந்து இலக்கங்கள் வந்தன. ஆட்டக்காரர் சுமந்த மட்டைகளின் எண்ணிக்கை பெருகவே, அமெரிக்கச் சங்கம் 1938இலும் சென்ற் அன்ட்றூஸ் கழகம் 1939இலும் 14 மட்டைகளுக்கு மேற்படலாகாது என வரையறுத்தன. ஒரே மட்டையாற் பலவகை அடிகளை அடிக்கும் திறனின் இடத்தை, அடிக்கொரு மட்டையை வாங்கும் வசதி கவர்ந்துகொண்டமைக்கு எதிராக எழுந்த விதி இது.

4. வில் என்னும் உவமையும் இயக்கவியலும்

தண்டு வில்லைப் போல வளைந்து, பந்தை அடையும் தருணத்தில் விடுபட்டு விசை தருகின்றது என்ற நம்பிக்கை ஆட்டக்காரரிடையே நெடுங்காலமாக உண்டு. விற்பனை விளம்பரங்களும் இதனை வளர்த்தன. பிரித்தானிய கோல்ப் சங்கமொன்றின் ஆதரவில் அலஸ்ரெயர் கொக்ரன், ஜோன் ஸ்ரொப்ஸ் ஆகியோர் 1968இல் வெளியிட்ட ஆய்வுநூல் வீச்சை ஓர் இரட்டை ஊசலாகக் கொண்டு விளக்கியது. கைகளும் தோளும் மேலூசல், மட்டை கீழூசல், மணிக்கட்டு இவற்றின் கீல். பந்தும் தலையும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஈராயிரத்திலொரு பங்கே. அக்கணத்திலே கைகள் பந்தின்மீது செல்வாக்குச் செலுத்த இயலாது. தலைக்குச் சற்று மேலே தண்டிற் கீல் பொருத்திய மட்டையாலும் பந்தைச் செம்மையாக அடிக்கலாம் என்பதை அவ்வாய்வாளர் காட்டினர்.

கீழ்நோக்கிய வீச்சின் தொடக்கத்திலே தலை பின்தங்குவதால் தண்டு பின்னோக்கி வளைகின்றது. வேகம் மிகுந்து மையநீக்க விளைவு ஓங்கும்போது, தலையின் திணிவுமையம் தண்டின் அச்சுக்கு நேராக வர முற்படுகின்றது; அதனால் பந்தை அடையுமுன்னரே தண்டு முன்னோக்கி வளைந்துவிடுகின்றது. இவ்வளைவு முகத்தின் சாய்வைச் சில பாகை மிகுவிக்கிறது. பந்து எழும் கோணத்தையும் சுழற்சியையும் திசையையும் தண்டின் வளைதன்மை பாதிக்கின்றது. தலையின் வேகத்துக்கு அது தரும் பங்கோ சிறிதே. வேகத்தைக் கூட்டுபவை தண்டின் எடைக்குறைவும் நீளமுமாகும். நீளம் கூடினால் பந்தைத் தலையின் நடுவால் அடிப்பது அரிதாகும். வில்வினைஞரிடம் பிறந்த கருவி என்பதால் அதனை வில்லாகவே கருதியமை வரலாறு விட்டுச்சென்ற ஒரு மயக்கமேயாம்.

தண்டை மாற்றினால் ஆடுவோனும் அறியாமலே மாறுகின்றான் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கையில் உணரும் எடைக்கும் வளைவுக்கும் ஏற்ப உடல் தன் தாளத்தைத் திருத்திக்கொள்கின்றது. ஆதலின் தண்டின் விளைவை ஆடுவோனிலிருந்து முற்றாகப் பிரித்தளத்தல் எளிதன்று.

5. காபன் இழையும் புதிய சந்தையும்

உருக்குக்கு மாற்றாகக் கண்ணாடியிழைத் தண்டு 1950களிலே தோன்றியது. 1965இல் தென்னாபிரிக்கரான கரி பிளேயர் அத்தகைய தண்டுகளுடன் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார். எனினும் அது நிலைக்கவில்லை. 1960களில் ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் காபன் இழைத் தொழினுட்பம் வளர்ச்சியுற்றது. மீன்பிடிக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஷேக்ஸ்பியர் என்னும் அமெரிக்க நிறுவனத்திற் பணியாற்றிய பிராங் தோமஸ் 1969இல் அவ்விழையால் தண்டு செய்தார். வானூர்தித் துறைக்கென எதிர்பார்க்கப்பட்ட இவ்விழைக்கு 1970களிலே வாய்த்த பெருஞ்சந்தைகளுள் மீன்பிடித் தூண்டிலும் கோல்ப் தண்டும் அடங்கும்.

முதற்காலக் காபன் தண்டுகளில் ஹிக்கரியின் பழைய குறைபாடு மீண்டும் தோன்றியது. நீளவாட்டில் அமைந்த இழைகள் வளைவை எதிர்த்தன, முறுக்கத்தை எதிர்க்கவில்லை. குறுக்குச் சாய்வாக 45 பாகையில் இழைப்படைகளைச் சேர்த்தபின்னரே இது தீர்ந்தது. 120 கிராமளவு எடையுடைய உருக்குத் தண்டின் இடத்தில் அதன் பாதியளவு எடையுடைய காபன் தண்டு வந்தது. எனினும் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1997இல் டைகர் வூட்ஸ் மாஸ்ரர்ஸ் போட்டியை வென்றபோது அவரது ட்றைவரில் இருந்தது 43.5 அங்குல நீளத்துக்கு உருக்குத் தண்டே.

மரத்தில் இயற்கையாக அமைந்த வேறுபாட்டை உருக்கு நீக்கியது. காபன் இழையோ வேறுபாட்டை விலைப்பொருளாக்கியது. விறைப்பைக் குறிக்கும் எழுத்துகளுக்குத் தொழில்முழுதும் ஏற்ற பொதுவரையறை இல்லை. ஒரு நிறுவனத்தின் 'வழமையான' தண்டு இன்னொன்றின் 'விறைப்பான' தண்டை ஒத்திருக்கலாம். விதிமுறைகள் சில எல்லைகளையே வகுத்துள்ளன: தண்டு எத்திசையிலும் ஒரே அளவில் வளையவேண்டும், இருபுறமும் ஒரே அளவில் முறுகவேண்டும், மட்டையின் நீளம் 48 அங்குலத்துக்கு மேற்படலாகாது. 2022 முதல் உயர்நிலைப் போட்டிகளில் அதனை 46 அங்குலமாகக் குறைக்க இடமளிக்கப்பட்டுள்ளது.

6. முடிவுரை

ஹிக்கரி, உருக்கு, காபன் இழை ஆகிய மூன்றும் மூன்று உற்பத்தி முறைகளையும் மூன்று உடற்பழக்கங்களையும் சுட்டுகின்றன. ஜோன்சையும் நெல்சனையும் திறனால் ஒப்பிட்டு யார் பெரியவர் என வினவுவோர், அவர்கள் கையிலிருந்தவை வேறுபட்ட கருவிகள் என்பதை மறந்துவிடுகின்றனர். திறன் தனிமனிதனிடம் வெளிப்படுகின்றது. அதன் வடிவத்தைக் காலம் வகுக்கின்றது.

கைவினை அழிந்துபோயிற்று எனப் பொதுவாகக் கூறப்படுவதும் முழுவுண்மையன்று. பிசின் தோய்ந்த காபன் தாள்களை வெட்டி, அளவான கோணத்தில் அடுக்கி, உருக்குக் கோலின்மீது சுருக்கமின்றிச் சுற்றும் வேலையிற் பெரும்பகுதி கையாலேயே நடைபெறுகின்றது. சீனா, வியட்நாம், மெக்சிக்கோ, பங்களாதேஷ் முதலிய நாடுகளின் ஆலைகளில் அவ்வேலையைச் செய்வோரின் விரல்நுனி பிழைத்தால் தண்டும் பிழைக்கும். ஹியூ பில்ப்பின் பெயர் அவர் செய்த தலையில் இன்றும் உள்ளது. இவர்களின் பெயர் எந்தத் தண்டிலும் இல்லை. தண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் வெற்றியாளரின் வீச்சோடு நின்றுவிடாது, இக்கைகளையும் கணக்கிற் கொள்ளுதல் கடனாகும்.